மீதியை வெள்ளித்திரையில் காண்க

எந்தப் படத்துக்குப் போனாலும் கடைசிக் கால்மணி நேரத்தை நான் பார்ப்பதில்லை. எழுந்து வெளியே வந்து தியேட்டர் வாசலில் ஒரு காபியை வாங்கிக் குடித்துக்கொண்டு நிற்பேன். என் பெண்ணுக்கு இது பெரிய மானக்கேடு. "டிக்கெட் வாங்கிட்டு முடிவப் பாக்காம வர்ற ஒரே ஆளு நீதாம்மா" என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் வந்து மீதிக் கதையைச் சொல்லும்போது அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தக் கோணல் புத்தி எனக்கு ஒன்பது வயதில் வந்தது.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பொன்மலையில் ரயில்வே பட்டறை வேலை. அப்பா, அம்மா, என்னைவிட ஆறு வயது மூத்த அண்ணன், நான், அப்புறம் அத்தை. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. மாமா ராணுவத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குச் சொந்த ஊர் வையம்பட்டிப் பக்கம். அங்கே அவருடைய அப்பாவும் தம்பியும் மட்டும்தான், பெண்துணை கிடையாது. அதனால் மாமா ஊர் ஊராகச் சுற்றி முடித்து வரும்வரை அத்தை எங்களோடு இருக்கட்டும் என்று ஏற்பாடு.

கல்யாணத்துக்குப் பிறகு மாமா லீவில் வந்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் உச்சி வெயிலில்தான் வந்தார். இரும்புப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, காக்கி பேன்ட்டில் படிந்திருந்த ரயில் புழுதியைப் படார் படார் என்று தட்டுவார். படியில் உட்கார்ந்து பூட்ஸின் கயிற்றை ஒவ்வொரு கண்ணியாக அவிழ்ப்பார். யாரையும் நலம் விசாரிக்க மாட்டார். "மோர் இருக்கா? உப்புத் தூக்கலா போட்டு?" என்பதுதான் முதல் வார்த்தை. அத்தை அதை முன்கூட்டியே கரைத்துக் கதவுக்குப் பின்னால் வைத்திருப்பாள். இருந்தும் அவர் கேட்கட்டும் என்று ஒன்றும் தெரியாதவளைப் போல நிற்பாள். இரண்டு சொம்பு உள்ளே போன பிறகுதான் மாமாவுக்கு மனுஷர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள்.

கத்திச் சண்டைப் படம் என்றால் மாமாவுக்கு உயிர். பார்த்துவிட்டு வந்த சண்டையை மறுநாள் முற்றத்தில் அண்ணனோடு சாதக் கரண்டியும் தோசைத் திருப்பியுமாகப் போட்டுக் காட்டுவார். அண்ணன் வெட்டியதில் ஒரு தடவை அவர் கீழே விழுந்து அசையாமல் கிடக்க, நான் ஓவென்று அழுதுவிட்டேன். எழுந்து வந்து என் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "கதாநாயகன் சாக மாட்டான் பாப்பா. எங்க போனாலும் கடைசி ரீல்ல வந்துடுவான்." நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

பிறகு சீனாவோடு சண்டை வந்தது. பள்ளிக்கூடத்தில் எங்களை வெயிலில் நிறுத்திவைத்து தேசபக்திப் பாட்டுப் பாட வைத்தார்கள். மாமா பனிமலைப் பக்கம் போயிருப்பதாக ஒரு கார்டு வந்தது. அதற்கப்புறம் கார்டு வரவில்லை. மார்கழியில் சர்க்கார் கடிதம் ஒன்று வந்தது. அப்பா அதை மூன்று தடவை படித்துவிட்டு, "காணவில்லைன்னு போட்டிருக்கான்" என்றார். காணவில்லையாம். தொலைந்து போவதற்கு அவர் என்ன குடையா, செருப்பா? இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். இருக்கிறார் என்றால் காத்திருக்கலாம். இது இரண்டிலும் சேராமல் வீட்டுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த கோடையில் கைதிகளாகப் பிடிபட்டிருந்தவர்களைச் சீனாக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் மாமா இல்லை. "பேரு எழுதறப்ப விட்டுப்போயிருக்கும். இன்னும் கொஞ்சம் பேர் அங்க இருப்பாங்க" என்றாள் அத்தை. யாரும் மறுக்கவில்லை. "வந்துடுவாரும்மா" என்று அப்பா சொல்வார். "வராம எங்க போயிடுவார்?" என்று அம்மா சொல்வாள். ஆனால் தெருவுக்கு அந்த நாசூக்கு இருக்குமா? சீமந்தத்துக்கும் வளைகாப்புக்கும் அழைக்க வருகிற பெண்கள் அம்மாவிடம் குங்குமச் சிமிழை நீட்டுவார்கள். அத்தையின் முன்னால் அந்தக் கை கொஞ்சம் தயங்கும். கொடுப்பதா வேண்டாமா என்று அவர்களுக்கும் தெரியவில்லை, பாவம். அத்தை தானாகவே தண்ணீர் எடுக்கப் போகிறவளைப் போலக் கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

அத்தை அம்மன் கோயிலில் இரண்டு தடவை பூக்கட்டிப் பார்த்தாள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி, அம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுக்கிற குழந்தை நான்தான். சிவப்பு வந்தால் மாமா வருவார் என்று அத்தை நினைத்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை நான் எடுத்தது வெள்ளை. ஒரு மாதம் கழித்து மறுபடி போனோம். சிவப்பு வந்தது. அத்தைக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போய்விட்டதே.

ஆடி பிறந்ததும் வையம்பட்டியிலிருந்து அத்தையின் மாமனார் வந்தார். இரண்டாவது பிள்ளைக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கூடத்தில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அத்தையின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"மூத்தவன் இருக்கானா இல்லையான்னே தெரியாத வீட்டுல எப்பிடிம்மா பந்தக்கால் நடறது? அவன் வேட்டி சட்டைய வெச்சாவது செய்யவேண்டியத செஞ்சுடலாங்கறாங்க. உன்னைய வற்புறுத்தல. ஆடிப் பதினெட்டுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடு."

சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆடிப் பதினெட்டு என்று அவர் ஏன் சொன்னார் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குத்தான் சுமங்கலிகள் காவிரிக் கரையில் தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். அத்தை அந்த வருஷம் கயிறு மாற்றுவாளா, இல்லையா? ஊர் முழுக்கக் கூடுகிற படித்துறையில் அதை ஒளித்துவைக்க முடியாது.

அந்த வாரம்தான் எங்கள் சந்தில் சினிமா வண்டி வந்தது. குதிரை வண்டியில் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, தம்பட்டம் அடித்துக்கொண்டு ஒருவன் ரோஸ் காகித நோட்டீஸை அள்ளி வீசினான். நான் முண்டியடித்து இரண்டு பிடித்தேன். திருச்சியில் கோட்டைப் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் காலைக் காட்சியாக இங்கிலீஷ் படம். நோட்டீஸில் ஒரு பக்கம் நீள ஈட்டி பிடித்த சீனச் சிப்பாய்கள், இன்னொரு பக்கம் முழங்கால் தெரிய நின்ற ரோமாபுரிச் சிப்பாய்கள். "ஐயே, பாவாடை கட்டிக்கிட்டு சண்டைக்குப் போறாங்கடி!" என்று தெருப் பெண்பிள்ளைகள் எல்லாம் சிரித்துப் புரண்டோம். கீழே தமிழில் கதை போட்டிருந்தது. பண்டைக் காலத்துச் சீனப் படைக்கும் ரோமாபுரிப் படைக்கும் பயங்கரச் சண்டை! பனிமலைக் கோட்டையில் சிறைப்பட்ட ரோமாபுரித் தளபதி! வாசலில் விளக்கேற்றிக் காத்திருக்கும் மனைவி! அவன் வீடு திரும்பினானா? மீதியை வெள்ளித்திரையில் காண்க!

எல்லா நோட்டீஸும் அப்படித்தான் முடியும். பாதிக் கதையைச் சொல்லிவிட்டு மீதிக்குத் தியேட்டருக்கு வா என்பான். ஆனால் அத்தை அதைக் கையில் வாங்கி, வாய்க்குள்ளே படித்து, இன்னொரு தடவை படித்தாள். அப்படியே மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் கிணற்றடியில் என்னைத் தனியாகப் பிடித்தாள்.

"பாப்பா, அண்ணன்கூட அந்தப் படத்துக்குப் போயிட்டு வரியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொங்கலுக்கு ஒரு படம், தீபாவளிக்கு ஒரு படம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

"ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு வந்து சொன்னா போதும். கடைசில அவன் வீட்டுக்கு வந்தானா இல்லையா. பூ ரெண்டு தடவ ரெண்டு மாதிரி வந்துச்சுல்ல? இது மூணாவது. இதையும் நீதான் எடுக்கணும். அவன் வந்தான்னா நான் கயிறு மாத்திக்குவேன். வரலேன்னா அவங்க சொல்றபடி கேட்டுக்குவேன். யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது."

இன்றைக்கு இதைக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அன்றைக்கு எனக்கு வரவில்லை. பனிமலை, சீனச் சிப்பாய், சிறைப்பட்டவன், காத்திருக்கிற பெண்டாட்டி. சாமி வேறு எப்படிப் பேசும்?

அத்தை தானே போயிருக்கலாமே என்றால், போயிருக்க முடியாது. புருஷனுக்குக் காரியம் செய்வதா வேண்டாமா என்று பேச்சு நடக்கும்போது அவள் சினிமாவுக்குப் போனால் ஸ்ரீரங்கத்து ஏழு பிராகாரமும் பேசியிருக்கும். "சீனாக்காரன் படமா? நம்ம வீடு இருக்கற இருப்புக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்" என்று அம்மா முதலில் சீறினாள். "குழந்தைங்க ஆசைப்படுதுங்க, போயிட்டு வரட்டும் அண்ணி" என்று அத்தையே சொல்லவும் அடங்கிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனோடு பஸ் ஏறினேன். தியேட்டரில் நல்ல கூட்டம். படத்தில் ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. அண்ணன் தனக்குப் புரிந்ததைப் போலக் காதில் சொல்லிக்கொண்டே வந்தான். "இப்ப அவன் நம்ம கோட்டைய விடமாட்டேங்கறான்" என்பான். அதற்குள் திரையில் அந்த ஆள் சாப்பிட உட்கார்ந்திருப்பான். ஆனால் சண்டை மட்டும் சண்டை. ரோமாபுரிச் சிப்பாய்கள் கேடயங்களை ஓடு வேய்ந்ததைப் போலத் தலைக்கு மேல் அடுக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். மேலிருந்து சீன அம்புகள் மழையாக விழுந்தன. ஒவ்வொரு சீனன் விழும்போதும் பெஞ்ச் டிக்கெட்காரர்கள் விசிலடித்தார்கள். நானும் கைதட்டினேன். சீனாவோடு சண்டை முடிந்து ஏழெட்டு மாதம்தானே ஆகியிருந்தது, எல்லோருக்கும் வயிற்றெரிச்சல் அப்படியே இருந்தது.

தளபதி பிடிபட்டான். பனி கொட்டுகிற கோட்டையில் அவனைச் சங்கிலியில் கட்டிப்போட்டார்கள். ஒரு கிழட்டுச் சீனக் காவலாளி வந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தான் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்துக் கைதிக்குப் போர்த்தினான். கிண்ணத்தில் கஞ்சி மாதிரி எதையோ ஊதி ஊதி அவன் வாயில் ஊற்றினான். மாமாவுக்கும் இப்படி ஒரு கிழவன் கிடைத்திருப்பானோ?

"சீனாக்காரனப் போயி நல்லவனாக் காட்டறியா? ஒழிக!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். ஒழிக ஒழிக என்று பெஞ்ச் முழுக்க எழுந்துவிட்டது. ஒரு சோடா பாட்டில் பறந்து போய்த் திரையைக் கிழித்தது. கிழவனின் முகத்துக்கு நடுவில் கறுப்பாக ஒரு ஓட்டை. விளக்கைப் போட்டார்கள். மானேஜர் மேடையில் ஏறிக் கைகூப்பி, காட்சி அவ்வளவுதான், எல்லோரும் அமைதியாகக் கலைந்து போகவேண்டும் என்று கெஞ்சினார்.

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றேன். "முடிவு? முடிவு என்னண்ணே? அவன் வந்தானா?" அண்ணன் என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். "அத யாரு பாத்தா? வீட்ல போயி கலாட்டா நடந்துச்சுன்னு வாய விட்ட, இனிமே ரெண்டு பேருக்கும் சினிமாவே கிடையாது, ஞாபகம் வெச்சுக்க."

பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது கீழே புதுவெள்ளம் செக்கச்செவேல் என்று ஓடிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு யோசித்தேன். அவன் செத்ததை நான் பார்க்கவில்லையே. பார்க்காதபோது வந்தான் என்று சொல்வது எப்படிப் பொய்யாகும்? மாமாவே சொல்லியிருக்கிறாரே, கடைசி ரீலில் வந்துவிடுவான் என்று. பாலம் முடிவதற்குள் நான் தீர்மானித்துவிட்டேன்.

அத்தை கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த ஈரப் புடவையோடு அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். வாயால் கேட்கவில்லை.

"வந்துட்டான் அத்தை" என்றேன்.

"நெசமா?"

"நெசமா. நல்ல வெயில்ல வந்தான். வாசல்லயே நின்னு பேன்ட்ல இருந்த புழுதியெல்லாம் படார் படார்னு தட்டினான்."

அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்புறம்?"

"படியில உக்காந்து பூட்ஸ அவுத்தான். மோர் இருக்கான்னு கேட்டான். உப்புத் தூக்கலா."

"குடுத்தாளா?"

"ரெண்டு சொம்பு குடிச்சான்."

அத்தைக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. ஈரப் புடவையோடு சேர்த்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லு" என்றாள். சொன்னேன். இந்தத் தடவை அவன் கொண்டுவந்த இரும்புப் பெட்டியையும் சேர்த்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, மாமாவை நானே கையைப் பிடித்துக் கூட்டிவந்து வீட்டில் விட்டதைப் போல இருந்தது.

ஆடிப் பதினெட்டன்று அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. படித்துறை முழுக்க மஞ்சளும் குங்குமமுமாகப் பெண்கள். காதோலையும் கருகமணியும் வைத்து அம்மா காவிரிக்குப் படைத்தாள். தாம்பாளத்தில் இரண்டு மஞ்சள் கயிறுகள் இருந்தன. ஒன்று அவளுக்கு, ஒன்று அத்தைக்கு. பக்கத்து வீட்டு மாமி அம்மாவுக்குக் கட்டிவிட்டாள். அம்மா இன்னொரு கயிற்றை எடுத்துக்கொண்டு அத்தையின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு வேண்டாம் அண்ணி" என்றாள் அத்தை. "மாமாவுக்கு எழுதிடச் சொல்லுங்க. செய்ய வேண்டியத செய்யட்டும்."

அவள் மாமா என்றது வையம்பட்டி மாமனாரை. சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. அம்மா கயிற்றோடு அப்படியே நின்றாள். சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆற்றைப் பார்த்தார்கள்.

எனக்குத்தான் தாங்கவில்லை. "அதான் வந்துட்டான்னு சொன்னேனே!" என்று கத்தினேன். "வந்துட்டான்னா கயிறு மாத்திக்குவேன்னு சொன்னீங்கள்ல? ஏமாத்தறீங்க! பொய் சொல்றீங்க!" அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அத்தை அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தாள். அவள் தாம்பாளத்திலிருந்த கயிற்றை எடுத்து, கொஞ்சம் பூவோடு சேர்த்து, தண்ணீரில் விட்டாள். வெள்ளத்தில் அது கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது.

ஆடி முடிவதற்குள் அப்பாவும் அம்மாவும் அத்தையை வையம்பட்டிக்குக் கூட்டிப்போய்த் திரும்பி வந்தார்கள். மாமாவின் ஒரு வேட்டியையும் சட்டையையும் வைத்துக் காரியம் செய்தார்களாம். வந்த அத்தையின் நெற்றியும் கழுத்தும் வெறுமையாக இருந்தன. நான் அவளோடு பேசவில்லை. தீபாவளி வந்து போகும்வரை பேசவில்லை. சாப்பாடு போட வந்தால் அம்மாதான் போடவேண்டும் என்பேன். மாமா இனி வந்தாலும் எந்த முகத்தோடு வருவார், செத்தவர் என்று சொல்லியாகிவிட்டதே என்று எனக்கு ஆத்திரம். அத்தை ஒரு வார்த்தை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அது வேறு எரிச்சலாக இருந்தது.

பிறகு அத்தை டீச்சர் டிரெயினிங் படித்தாள். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்து, காட்டூரில் ஒரு அறை எடுத்துக்கொண்டு இருந்தாள். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போயிருந்தேன். திரும்பும்போது என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். நிறுத்தத்துச் சுவரில் ஏதோ ஒரு போர்ப் பட போஸ்டர், கேடயமும் ஈட்டியுமாக. அதைப் பார்த்ததும் ஆறு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"அத்தை, நான் அன்னிக்கு பொய் சொன்னேன்."

"தெரியுமே" என்றாள். "பேன்ட்ட தட்டினான்னு சொன்ன பாரு, அப்பவே தெரியும். நோட்டீஸ்ல அவன் பாவாடைல்ல கட்டியிருந்தான்?"

"பின்ன ஏன் இன்னொரு தடவ சொல்லச் சொன்னீங்க?"

"கேக்கணும்போல இருந்துச்சு. அவரு வந்ததா இனிமே யாரு எங்கிட்ட சொல்லப்போறாங்க?"

தஞ்சாவூர் ரோட்டில் ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அது அடங்கும்வரை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டிருந்துவிட்டு, அவளே சொன்னாள்.

"அண்ணனும் அண்ணியும் வந்துடுவாரு, வந்துடுவாருன்னு சொல்வாங்க. ஆறுதலுக்குச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாதா? நீ அப்பிடி இல்ல. மனசுல இருக்கறத பட்டுனு போட்டு உடைக்கற பொண்ணு. நீயே உக்காந்து எனக்காக ஜோடிச்சு ஜோடிச்சு சொல்ற. ஒம்பது வயசுக் குழந்தைக்கே தெரிஞ்சுபோச்சு, நான் ஒருத்திதான் இன்னும் நம்பிக்கிட்டு இருக்கேன்னு அப்ப நெனச்சேன். அதுக்கு மேல எப்பிடிடி பாப்பா கயிறு மாத்திக்கறது?"

நான் மாமாவைக் கொண்டுவந்து வீட்டில் விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வரமாட்டார் என்று அத்தையிடம் சொன்னது சர்க்கார் கடிதம் இல்லை, வையம்பட்டிக் கிழவர் இல்லை, நான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தை என் புத்தகப் பையைச் சரியாகத் தோளில் மாட்டிவிட்டாள்.

பஸ் தூரத்தில் தெரிந்தபோது, "அது கிடக்கட்டும், நெசமாவே அந்தப் படத்துல அவன் வந்தானா?" என்று கேட்டாள்.

"தெரியாது அத்தை. பாதிலயே நிறுத்திட்டாங்க."

அவள் பஸ்ஸுக்குக் கையைக் காட்டினாள்.

"வந்திருப்பான்" என்றாள். "அந்தப் பொண்ணுக்கு மோர் கரைக்கத் தெரியுமோ என்னமோ, பாவம்."